மந்தை கணக்குக் கேட்கிறது

கிறிஸ்தவத் தலைவர்களின் ஒழுக்கத்தை அளப்பதற்கு நம் சபைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. தலைவர் குடிக்கிறாரா? சினிமாவுக்குப் போகிறாரா? பொம்பளை விவகாரம் உண்டா? மூன்றே கேள்வியில் பரீட்சை முடிந்துவிடும். மூன்றிலும் தேறினால் அவர் 'நல்ல சாட்சியுள்ள ஊழியக்காரர்'. அவர் யார் வீட்டில் கை நனைப்பார், யார் வீட்டில் "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்று நழுவுவார், பள்ளிக்கூட வேலையை யாருக்குக் கொடுத்தார், சபைக் கணக்கை எத்தனை வருசமாகப் படிக்காமல் வைத்திருக்கிறார், கல்லறையில் யாரை எந்தப் பக்கம் புதைக்கச் சொன்னார் - இவை எதுவும் ஒழுக்கத்தில் சேராது. இவை 'நிர்வாக விஷயம்'. நிர்வாகத்துக்கு வேறு கமிட்டி இருக்கிறது. அந்தக் கமிட்டியில் நாம் இருக்க மாட்டோம்.

இதில் பெரிய சூது இருக்கிறது தோழர்களே. குடி, சினிமா, பெண் என்ற மூன்றும் தன் உடம்பை அழுக்குப் படாமல் காப்பாற்றிக்கொள்ளும் சங்கதி. உடம்பில் கறை படாதவன் ஒழுக்கசீலன் என்பது யாருடைய அளவுகோல்? தீட்டுப் படாமல் இருப்பதே தருமம் என்று எழுதி வைத்தவனின் அளவுகோல். பார்ப்பான் மடி கட்டிக்கொண்டு செய்ததை நம் ஆள் அங்கி போட்டுக்கொண்டு செய்கிறான். நாசரேத்தூர்த் தச்சன் தீட்டுப்பட்டவர்களோடும் வரிவசூல்காரர்களோடும் பந்தியில் உட்கார்ந்ததால்தான் அன்றைய வேதபாரகர்களிடம் கெட்ட பேர் வாங்கினார். இந்த மூன்று கேள்விப் பரீட்சையை அவருக்கு வைத்திருந்தால், 'கூட்டு சரியில்லை' என்று சபைப் பட்டியலிலிருந்து அவர் பேரை அடித்திருப்பார்கள்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் - இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒழுக்கம் என்ற சொல் எங்கிருந்து வரும் என்று நன்றாகத் தெரியும். அது எப்போதும் மேலேயிருந்து வரும். சினிமாக்காரனுக்கு நாம் கத்தியும் கஞ்சாவும். போலீஸ்காரனுக்குச் சந்தேகக் கேஸ். எழுப்புதல் கூட்டத்துக்குக் காரில் வந்து இறங்குகிற பிரசங்கியாருக்கு, மனந்திரும்ப வேண்டிய கூட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவனைப் பார்த்து, மணலி ஆலைப் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து, "குடியை விடு, உன் குடும்பம் ஆசீர்வதிக்கப்படும்" என்பார். குடியை விடத்தான் வேண்டும். சாராயம் நம் பெண்களின் தாலியை அறுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குடியைப் பேசுகிற அதே வாய் புகையைப் பேசாமல் போவதேன்? குடிகாரன் எதிர்த்துப் பேச மாட்டான். கம்பெனிக்காரன் பேசுவான். அவ்வளவுதான் விஷயம்.

2023 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. படகும் வலையும் கறுப்பாகின. அந்த மாதமே 26ஆம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் நடு ராத்திரி நெருங்கும் வேளையில், கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் சனங்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அடுத்த ஞாயிறு வருசத்தின் கடைசி நாள். நன்றி ஆராதனை. அன்று எத்தனை பிரசங்க பீடங்களில் அந்த வாயுவின் பேர் சொல்லப்பட்டது? இதைப் படிக்கும் எண்ணூர், திருவொற்றியூர்த் தோழர்கள் அவரவர் சபையை மனதில் வைத்துப் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

*

அப்படியானால் ஒழுக்கக்கேடு என்று நான் எதைச் சொல்கிறேன்? முதலாவதாகப் பொய்ச்சாட்சியைச் சொல்கிறேன். பத்துக் கட்டளையில் இருக்கிற பாவம்தான். நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவன் மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவப் பறையனும் கிறிஸ்தவச் சக்கிலியனும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். மதம் மாறினதும் ஒரே நாளில் 'பிற்பட்டவன்' ஆகிவிடுகிறான். தெருவில் மட்டும் பழைய பேரேதான். ஒவ்வொரு ஆகஸ்டு 10ஆம் தேதியையும் திருச்சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. ஆயர்கள், பேராயர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நல்ல காரியம். நாமும் போய் நிற்கிறோம்.

இனி ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கதையைக் கேளுங்கள். பேர் சூசை. சென்னையில் ரண்டால்ஸ் சாலையும் ஜெனரல் காலின்ஸ் சாலையும் சந்திக்கிற இடத்தில், ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். ரோட்டோரத்தில் தொழில் செய்யும் பட்டியல் சாதியாருக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. வெயிலும் அதே வெயில், வாரும் ஊசியும் அதே வாரும் ஊசியும். அவர் கிறிஸ்தவர் என்பது ஒன்றே குறை. மனுசன் சும்மா இருக்கவில்லை. உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறின பிறகும் கிறிஸ்தவச் சூழலுக்குள் அதே அளவு கொடிய இழிவு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அப்படிக் காட்டப் போதுமான ஆதாரம் எங்கள் முன்னால் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

ஆதாரம் இல்லையாம்! ஆதாரம் யாரிடம் இருந்தது? தனித்தனிக் கல்லறைகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று மறைமாவட்ட அலுவலகத்துக்குத் தெரியும். எந்த ஊரில் தேர் சேரிக்குள் வராது, எந்த ஊரில் நம் பையன் பலிபீடச் சிறுவனாக நிற்க முடியாது என்று பங்குத்தந்தைக்குத் தெரியும். குருமடத்தில் எத்தனை தலித் பையன்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 'அழைத்தல் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும். ஞானஸ்நானப் புத்தகம் அவர்களிடம். கல்யாணப் புத்தகம் அவர்களிடம். அடக்கப் புத்தகமும் அவர்களிடம். ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியா போய் ஆதாரம் திரட்டிக்கொண்டு வருவான்?

ஆகஸ்டு 10ஆம் தேதி தில்லியைப் பார்த்து "எங்களுக்குள் சாதி இருக்கிறது, சலுகை கொடு" என்கிறார்கள். ஆகஸ்டு 11ஆம் தேதி நாம் போய் "நம்ம சபையில் சாதி இருக்கிறது" என்று சொன்னால், "கிறிஸ்துவுக்குள் சாதி ஏது? பிரிவினை பண்ணாதே" என்கிறார்கள். ஒரே நாக்கு, இரண்டு பேச்சு. இந்த இரட்டை நாக்கின் விலை என்ன தெரியுமா? ஒரு தலைமுறையின் வேலை, படிப்பு, தனித்தொகுதி எல்லாம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஒரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி வரும்: கிறிஸ்தவத்தில் தீண்டாமை இருக்கிறதா? கையில் சாட்சியை வைத்துக்கொண்டு சபை மானத்துக்காக மென்று முழுங்குகிற தலைவன் குடிக்காதவனாக இருந்தால் எனக்கென்ன, குடித்தால் எனக்கென்ன?

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒரு ஆவணம் வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை நடப்பதை அதில் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம், அதில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. அதற்கும் முன்னால், 2003 நவம்பரில், போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை ரோமில் கூட்டி வைத்துக்கொண்டே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். கண்டனமும் வந்தாயிற்று, கொள்கையும் வந்தாயிற்று. இடையில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் சேரியைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியர்கள் செத்தார்கள். செத்தவனும் கிறிஸ்தவன், அடிபட்டவனும் கிறிஸ்தவன். இத்தனை வருசமும் ஊர்க்கோவில் ஒன்று, சேரிக்கோவில் ஒன்று என்று இரண்டு பக்கமும் பூசை வைத்துச் சமாளித்த தலைமை மட்டும் பத்திரமாக இருந்தது. 2025 பிப்ரவரியில், திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்து தலித் கத்தோலிக்கர்களின் மனுவில் உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. சூசை போய் 40 வருசம் கழித்து, அதே வாசல். அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டவர் சூசை. இவர்கள் தங்கள் திருச்சபையின் மேலேயே வழக்குக்கு வந்துவிட்டார்கள்.

*

"அது காலங்காலமாக வர்ற வழக்கம், ஒரே நாள்ல மாத்த முடியுமா?" என்பார்கள். முடியாது என்பது பொய். மாற்றினவர்களும் இருந்தார்கள், மாற்ற மனசில்லாதவர்களும் இருந்தார்கள். அந்த வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பூணூல் போட்டுக்கொண்டு பார்ப்பனரைத் தேடிப் போனார். அந்த மிஷனில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று தனியாகப் பண்டார சாமிகளை வைத்தார்கள். சாமியாரிலேயே மேல்சாதிக்கு ஒருத்தர், கீழ்சாதிக்கு ஒருத்தர்! 1833இல் கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதியை உடனடியாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஒரே பாத்திரத்தில் நற்கருணை, கலந்து உட்காருதல். நம்ம வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பறையன் வாய் வைத்த கிண்ணத்தில் இயேசுவின் ரத்தமே ஆனாலும் வேண்டாம் என்று சபையை விட்டுப் போனார்கள். இன்றைக்கும் நாம் மனமுருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் சாதி ஆசாரத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். பக்தி வேறு, ஒழுக்கம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். வேளாளருக்கு ஒரு கிளை, நாடாருக்கு ஒரு கிளை, நடுவில் பீடம். கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒரு சாதியின் கண்ணில் இன்னொரு சாதி படாமல் பூசை பார்க்க வசதி. 1910இல் கௌசானல் என்ற சேசு சபைப் பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஒரு பாதிரி மனசு வைத்தால் சுவர் விழும் என்பதற்கு வடக்கன்குளம் சாட்சி. மனசு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் சாட்சி. செத்த பிணத்துக்கும் சாதி பார்த்து எழுப்பின சுவர் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்கன்குளத்தில் அன்று கீழ்க்கிளையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று சபைப் பதவிகளில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கால்சட்டைக் கோவிலை ஞாபகப்படுத்துவது நம் கடமை.

நம் பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கொடுமையை அரசாங்கத்தின் காதில் விடாமல் ஓதியவர்களில் வில்லியம் கௌடி போன்ற மெதடிஸ்டு மிஷனரிகளும் இருந்தார்கள். மிராசுதாரர்கள் பகைத்தாலும் பரவாயில்லை என்று நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். கௌடி சினிமா பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அதற்காக மிஷனரி எல்லாரும் விமோசனகர்த்தா என்று நான் மாலை போடவில்லை. கிறிஸ்தவ மடத்துக்குள் சாதி நுழைந்து, முதலில் வந்த ஏழைகளை ஓரங்கட்டியதை அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில் அப்போதே எழுதிவிட்டார். மதம் மாறியவனின் நிலையைப் பற்றி அம்பேத்கரும் எழுதினார். ஆத்துமாவைக் காப்பாற்றுகிற அவசரத்தில், இந்தப் பூமியில் நடக்கும் அநியாயத்தோடு சண்டை போடும் குணத்தைக் கிறிஸ்தவம் மழுங்கடித்துவிட்டது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. இன்றுவரை எந்த ஆயரும் அதற்கு நேரான பதில் சொல்லவில்லை.

*

சென்னையில் அந்த மாதிரிச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். பட்டணத்தில் சுவர் எழுப்ப மாட்டார்கள், சீட்டு எழுதுவார்கள்.

நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் ஆயா செத்தது. எங்கள் நைனா ஹார்பரில் கூலி. காலையில் நைனாவும் நானும் சபைக்குப் போய், அடக்கத்துக்குச் சீட்டு கேட்டோம். கமிட்டிச் செயலாளர் நோட்டைப் புரட்டினார்.

"சந்தா மூணு வருசமா நிக்குது. அதைக் கட்டிட்டு சீட்டு வாங்கிக்கினு போ."

"ஐயா, பொணம் வூட்ல கெடக்குது. அடக்கம் முடிஞ்ச கையோட கட்டிர்றேன்."

"உங்க தெருவுல எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

'உங்க தெரு' என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். அவர் சாதிப் பேர் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆயர் பக்கத்து அறையில் இருந்தார். எல்லாம் கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நைனா மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டின பிறகுதான் கோவில் மணி அடித்தது. அத்தை மார்பில் அடித்துக்கொண்டு கேட்டாள்: "சாவுறதுக்கு இன்னாடா சந்தா? உசுரோட இருக்க சொல்லோ ஒரு நாள் இந்த வூட்டுப் படி ஏறுனானா அவன்?" அந்த ஆயர் குடிக்க மாட்டார். சினிமா பார்க்க மாட்டார். சபையின் விழா மலரில் அவரை 'பரிசுத்தவான்' என்று எழுதியிருந்தார்கள்.

இது ஏதோ ஒரு கல்நெஞ்சக்காரச் செயலாளரின் குணம் என்று விட்டுவிட முடியாது. அந்த நோட்டு வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். சந்தா நிலுவை என்றால் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்காது. பேர் இல்லாதவன் குருசேகரக் கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. அந்தக் கமிட்டியிலிருந்து பேராய மன்றத்துக்கு ஆள் போகிறது. பேராய மன்றத்திலிருந்து பேராயர் தேர்தலுக்கும் சினாடுக்கும் போகிறது. கடைசியில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை, காலேஜ் சீட்டு, ஆஸ்பத்திரி நிர்வாகம், பட்டணத்து நடுவில் இருக்கும் நிலத்தின் குத்தகை எல்லாம் அந்த உச்சியில் முடிவாகிறது. அடியில் தினக்கூலிக்காரனின் நூறு ரூபாய் நிலுவை, உச்சியில் கோடி. மாதச் சம்பளக்காரனுக்குச் சந்தா நிற்காது. தினக்கூலிக்குத்தான் நிற்கும். மாதச் சம்பளம் யாருக்கு, தினக்கூலி யாருக்கு என்பதைச் சாதிதான் ஏற்கனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. மனுதர்மத்தைக் கையில் எடுக்காமலே ஒரு சந்தா நோட்டை வைத்துச் சேரியை வெளியே நிறுத்திவிடலாம்.

உச்சியில் என்ன நடக்கிறது? 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பல சபைகள் ஒன்றாகக் கூடியது உலகமே பார்த்து வியந்த காரியம். அந்தத் திருச்சபையின் பிரதமப் பேராயர் அலுவலகத்தில் 2022 ஜூலையில் அமலாக்கத் துறை சோதனை போட்டது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி இடங்களுக்குப் பணம் வாங்கியதாக எழுந்த வழக்கு அது. குற்றத்தை நிரூபிப்பது கோர்ட்டின் வேலை, நம் வேலை இல்லை. 2024 ஏப்ரலில் சினாடு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தலைவர்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்ளும் வழக்குக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது? காணிக்கைப் பையில் விழுந்த நம் பத்து ரூபாயும் அதில் இருக்கிறதா, இல்லையா? இதைக் கேட்கத்தான் நமக்கு உரிமை இல்லை என்கிறார்கள்.

கணக்குக் கேட்பது நம் கரைக்குப் புதிதும் இல்லை. ராயபுரம் புனித பேதுரு கோவில் 1820களில் எழுந்தது. கப்பலிலிருந்து சரக்கையும் ஆளையும் மசூலாப் படகில் கரைசேர்த்த குருகுல வம்சப் படகோட்டிகளின் உழைப்புப் பணத்தில் எழுந்த கோவில் அது. துறைமுகமே இல்லாத காலத்தில், அலையோடு மல்லுக்கட்டினவனின் கூலி. அவர்கள் தலித்துகள் இல்லை. ஆனால் பாடுபட்டவன் பணம், அவன் கட்டின கோவில், அவனுக்கு அதில் பாத்தியதை உண்டு என்ற நியாயம் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்த நியாயத்தைத்தான் நாமும் பேசுகிறோம்.

பெரிய சபைகளில் மனசு வெறுத்து நம் சனங்கள் தகரக் கொட்டகைச் சபைகளுக்குப் போனார்கள். அங்கே பாய் விரித்து எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். பாஸ்டர் வீட்டுக்கே வந்து சாப்பிடுவார். ஆஸ்பத்திரியில் ராத்திரி பூரா கூட உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கொட்டகை கட்டடமானதும் கதை மாறுகிறது. நிலம் பாஸ்டர் பேரில், டிரஸ்டில் பெண்டாட்டியும் மச்சானும், அடுத்த பாஸ்டர் மகன். தசமபாகத்துக்குக் கவர் உண்டு, ரசீது கிடையாது. கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை வைக்காதே" என்று பயமுறுத்தல். பெரிய சபையில் நோட்டைக் காட்டி வாயை அடைத்தார்கள். இங்கே நோட்டே கிடையாது.

*

இதையெல்லாம் எழுதினால் உடனே ஒரு கேள்வி வரும். "நாடு பூரா சங்கிகள் சபையைக் கொளுத்த அலைகிறான். இந்த நேரத்தில் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா? அவனுக்கு நீயே தீக்குச்சி எடுத்துக் கொடுக்கிறாயே?"

பொறுப்போடு கேட்கிறவர்களுக்குப் பொறுப்போடு பதில் சொல்கிறேன். ஆபத்து உண்மை. 2008இல் கந்தமாலில் எரிந்தது யார் வீடு? பாணா தலித் கிறிஸ்தவர்கள் வீடு, பழங்குடிக் கிறிஸ்தவர்கள் வீடு. காட்டுக்குள் ஓடினது அவர்கள்தான். அடி விழும்போது முதல் முதுகு நம்முடையது. பதவியும் சொத்தும் பங்கு போடும்போது மட்டும் நாம் கடைசி வரிசை. ஆகவே இந்துத்துவத்தைக் காட்டி நம் வாயை அடைக்க இவர்களுக்கு உரிமை கிடையாது. சபைச் சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. சபைச் சொத்து சபையாருடையது, சபையாரில் பெரும்பாலோர் நாம், எங்களிடம் கணக்குச் சொல் என்கிறோம். சபையாரிடம் கணக்குச் சொல்ல மறுக்கிற தலைவன்தான் அமலாக்கத் துறைக்கு வாசலைத் திறந்து வைக்கிறான். தீக்குச்சி கொடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

இன்னொரு சமாதானம்: "உங்க ஆளுங்களையும் பேராயர் ஆக்கியாச்சே!" ஆக்கினார்கள். சென்னைப் பேராயராக 1990 முதல் 1999 வரை இருந்த எம். அசரியா தலித் பிரச்சினையை உலகத் திருச்சபை மேடைகளுக்குக் கொண்டு போனார். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் கர்தினால் ஆனார். முதல் தலித் கர்தினால். சந்தோசம்தான். 1980களில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல், கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் பாடமாகவே ஆயிற்று. மதுரை அரசரடியில் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு பறையடித்துப் பாட்டுக் கட்டி, ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் நற்கருணை என்று சொல்லிக் கொடுத்தார். அவர்களிடம் படித்து வெளியே வந்த ஆயர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அதில் எத்தனை பேர் முதல் சம்பளத்தோடு பறையைப் பரண்மேல் போட்டார்கள்? நம் சாதியில் பிறந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தால் போதாது. நாற்காலியில் நம் ஆளே இல்லாமல் இருப்பதும் நியாயமாகாது. உட்கார்ந்தவன் நம் ஆள் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடுவது மூன்றாவது மோசம். பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து 1992இல் 'கருக்கு' எழுதினார். ஏழைகளுக்காக வாழப் போன ஒரு தலித் பெண்ணுக்கு அந்த மடத்துக்குள் மூச்சு முட்டியதை ஊர் அறியச் சொன்னார். அந்தப் புத்தகத்தை இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கிறார்கள். மடங்களில் வைத்துப் படிக்கிறார்களா?

*

நமக்குத் தலைவர்களின் மனசாட்சிமேல் நம்பிக்கை வைத்துக் காத்திருந்து பழக்கமாகிவிட்டது. மனசாட்சியை யாரும் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியதைக் கேட்போம்.

ஒன்று, ஒவ்வொரு சபையிலும் வருசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்திலேயே, வரவு செலவைத் தமிழில் சத்தமாகப் படிக்க வேண்டும். நிலம், கட்டடம், குத்தகை, வாடகை, வழக்குச் செலவு எல்லாம் அதில் வர வேண்டும். இங்கிலீஷில் அச்சடித்துக் கமிட்டிக்கு மட்டும் கொடுப்பது செல்லாது.

இரண்டு, சந்தா நிலுவையைக் காரணம் காட்டி அடக்கம், ஞானஸ்நானம், கல்யாணம் எதையும் நிறுத்தக் கூடாது. நிலுவைக்காக வாக்காளர் பட்டியலிலிருந்து பேரை எடுக்கக் கூடாது.

மூன்று, சபைப் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரிகளில் கடந்த பத்து வருசத்தில் வேலைக்கு எடுத்தவர்களில் தலித் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். குருமடங்களும் கன்னியர் மடங்களும் சேர்ந்தவர் எத்தனை, அனுப்பப்பட்டவர் எத்தனை என்று சொல்ல வேண்டும்.

நான்கு, தனிக் கல்லறை, தனிப் பாடை, தேர் வராத தெரு, கிண்ணப் பாகுபாடு - மறைமாவட்டம் மறைமாவட்டமாக, பேராயம் பேராயமாக முழுப் பட்டியல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஆணையங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுக்க வேண்டும். சூசைக்கு இல்லாமல் போன ஆதாரத்தை இனியாவது கொடுக்கட்டும்.

ஐந்து, பெண்கள் கொடுக்கும் புகாரை விசாரிக்கச் சபைக்கு வெளியே இருப்பவர்களும் உள்ள குழு வேண்டும். புகார் வந்தவரை இன்னொரு சபைக்கு மாற்றுவது தண்டனை ஆகாது. வடசென்னைக்கு மாற்றுவதைத் தண்டனை என்று நினைக்கிற புத்தியும் ஒழிய வேண்டும். நாங்கள் யாருடைய தண்டனைக் கொட்டடியும் இல்லை.

இந்த ஐந்தில் ஆன்மிகம் எங்கே என்று கேட்பார்கள். சுவரை இடிப்பதும் கணக்கைப் படிப்பதும் ஆன்மிகம் இல்லையென்றால் அந்த ஆன்மிகம் எங்களுக்கு வேண்டாம். மாணவத் தோழர்களே, அடுத்த சபைக் கூட்டத்துக்கு இந்த ஐந்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையே எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். சபைப் பேரோடு போடுவோம்.

ஐயாமார்களே, கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள். ஒழுக்கத்தைப் பற்றி உங்கள் பிரசங்கத்தை அப்புறம் கேட்கிறோம்.